குறை சொல்லாத வெள்ளிக்கிழமை

எனக்கு வாய் ஜாஸ்தி. சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போன பிறகும் அது குறையவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. பூத்தில் வரிசையில் நின்று எங்கள் ஊர் அஸ்தினாபுரத்துக்குப் போன் போடுவேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அம்மா அன்றைக்குக் கூடும் பல்லாவரம் சந்தையைக்கூட விட்டுவிட்டு எதிர்வீட்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். நான் எடுத்த எடுப்பிலேயே புலம்ப ஆரம்பித்துவிடுவேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, சூப்பர்வைசர் உயிரை வாங்குகிறான், கூட இருப்பவன் வைக்கிற சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. அம்மா ‘உம்’ கொட்டிக் கேட்பாள்.

பக்கத்து நாட்டில் மூண்ட போர் எங்கள் தலைக்கு மேலும் வந்தது. ஏவுகணை வருகிறது என்று சைரன் ஊதும். விஷவாயு நுழையாமலிருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு அறைக்குள் முடங்கிக் கிடப்போம். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் டிவி செய்தியிலும் இதையேதான் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கோ ரத்தக்கொதிப்பு. அவள் கலங்கிவிடக் கூடாதே என்று அந்த வெள்ளிக்கிழமை தேனாகப் பேசினேன். இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, சூப்பர்வைசர் தங்கமான மனுஷன், சாப்பாடு பிரமாதம் என்றேன்.

மறுமுனையில் அம்மா அழ ஆரம்பித்தாள்.

“இன்னாடா ஆச்சு உனக்கு? சாப்பாடு நல்லாக்கீதுன்னு நீ என்னிக்குடா சொல்லிக்கீற?”

அக்கா போனை வாங்கி, அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறேனா என்று கேட்டார். சத்தியம் பண்ணியும் இரண்டு பேரும் நம்பவில்லை.

அடுத்த வாரம் போனை எடுத்ததும், அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று அக்கா சொன்னார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. அம்மா வந்ததும் சாம்பாரைப் பிடித்துக்கொண்டேன். உப்பில்லை, புளியில்லை, பருப்பு வேகவே இல்லை என்று பொரிந்து தள்ளினேன். உண்மையில் அந்த வாரம் எங்கள் அறையில் யாரும் அடுப்பே பற்ற வைக்கவில்லை. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுக் கிடந்தோம். அப்படியே சூப்பர்வைசரின் பரம்பரையையும் இழுத்தேன். அம்மா ‘உம்’ கொட்ட ஆரம்பித்தாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வைக்கட்டுமா என்றேன்.

“இருடா.” அம்மா விடவில்லை. “நீ சொல்றது நெசமோ பொய்யோ, எனக்குத் தெரிய வேணாம். வர்ற வெள்ளிக்கெழமையும் போன் பண்ணி இதே மாதிரி திட்டு. அது போதும் எனக்கு.”