வலது முட்டியில் கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கபடி பார்க்கப் போயிருந்தேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் கடலோரம் ஒரு குப்பம். அந்தக் குப்பத்து டீமுக்கு நான் பல வருஷமாக ரசிகன். எனக்குக் கபடி ஆடத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆசாமி நான். பாடிப் போகிறவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீமுக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

என்னை மாதிரி எங்கள் ஃபிளாட்டிலிருந்தே இன்னும் சில பேர் வருவார்கள். ஒரு பேங்க் மேனேஜர், ஒரு வயலின் டீச்சர்... மேட்ச் என்று வந்துவிட்டால் குப்பமாவது, ஃபிளாட்டாவது? எல்லோரும் ஒரே தொண்டைதான்.

டீமின் உயிர், சேவியர். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஸ்டெல்லா அக்காவின் மகன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மேட்ச்சில் அவனுடைய இடது முட்டியில் லிகமெண்ட் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் ஆட முடியாது. அதனால் டேப் சுற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தான். ஆனால் விஷயம் எதிர் டீமுக்குத் தெரிந்தால்? கபடியில் பிடிப்பதே காலைத்தானே!

அப்போது லூர்து அண்ணன் ஒரு ஐடியா செய்தார். அவர் படகு மோட்டார் மெக்கானிக். டீமுக்கு மேனேஜர், டாக்டர், அப்பா எல்லாமே அவர்தான். கறுப்பு டைட்ஸுக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல், இடது முட்டியில் டேப். வெளியே, ஊர் பார்க்க, வலது முட்டியில் பெரிதாக ஒரு வெள்ளை பேண்டேஜ். நல்ல காலுக்குப் பொய்க்கட்டு!

வந்த டீமெல்லாம் அந்த வலது காலையே குறிவைத்துப் பாயும். சேவியர் உதறிவிட்டுக் கோட்டைத் தொடுவான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்துக்கொள்வோம்.

குப்பம் முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. எங்கள் ஃபிளாட்டுக்கும் தெரியும். அசோசியேஷன் மீட்டிங்கில் பேசியதை மாடிப்படி இறங்குவதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுகிற ஃபிளாட் எங்களுடையது. அதுகூட வாயைத் திறந்ததில்லை.

போன வருஷம் சேவியருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. அண்ணா சாலையில் ஒரு ஆபீஸ். இனி ஆபீஸ் டீமுக்குத்தான் ஆட வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; நன்றாக ஆடினால் ஆகும். அப்பா இல்லாத வீடு. அம்மா தலையில் மீன் கூடை. போகாமல் என்ன செய்வான்?

"நாம தூக்கி வளத்த புள்ள சார். ஒரு வார்த்த கேட்டானா?" என்றார் லூர்து அண்ணன். கேட்டிருந்தால் மட்டும் சரி என்றிருப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குப்பத்து டோர்னமென்ட்டின் ஃபைனல். எதிரே அந்த ஆபீஸ் டீம்.

நீல ஜெர்சியில் சேவியர் இறங்கினான். மண்ணைத் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். ஒருத்தரும் திருப்பிச் சிரிக்கவில்லை. "துரோகி!" என்று ஒரு குரல். தொடர்ந்து ஊளை. சரி, போகட்டும். ஊளை கேட்காமல் என்ன ஆட்டம்?

அவன் வலது முட்டியில் அதே வெள்ளை பேண்டேஜ்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் பையன்கள் அவனை இடுப்பில் பிடித்தார்கள். தோளில் பிடித்தார்கள். வலது காலில் விழுந்தார்கள். இடது காலை மட்டும் ஒருத்தனும் தொடவில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கூட ஆடியவர்கள், அவ்வளவுதான்.

இது லூர்து அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. கடைசி நிமிஷங்கள். ஆபீஸ் டீம் முன்னிலையில் இருந்தது. சேவியர் பாடி வந்தான். என் பக்கத்திலிருந்து எழுந்தார் அண்ணன்.

"இன்னாடா, பூவ புடிக்கிற மாறி புடிச்சிகினு கீறீங்க? லெஃப்டு முட்டிய போடுடா!"

முன்வரிசையில் சில தலைகள் அவர் பக்கம் திரும்பின. பிறகு பின்னாலிருந்து இன்னொரு குரல், "லெஃப்டு முட்டி!" அப்புறம் பத்துக் குரல். அப்புறம் கூட்டமே. பேங்க் மேனேஜர் கைதட்டித் தாளம் போட்டுக் கத்தினார். நான் கத்தவில்லை. கத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

கார்னரில் நின்றவன் ஆன்டனி, சேவியரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். முட்டி போன அன்றைக்கு அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவனும் அவன்தான். எங்கள் பக்கம் பார்த்தான். சேவியரும் எங்கள் பக்கம் பார்த்தான். பாட்டை நிறுத்தவில்லை, ஆனால் குரல் தேய்ந்துவிட்டது. ஆன்டனி பாய்ந்தான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

சேவியர் கீழே கிடந்தான். லூர்து அண்ணனின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. மேட்ச் என்றால் டேப் உருண்டை இல்லாமல் அவர் வரமாட்டார், அன்றைக்கும் வைத்திருந்தார். கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஏன் அண்ணே?" என்று கேட்டேன்.

"அவன் இப்ப நம்ம ஆளு இல்ல சார்" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

நம்மைவிட்டுப் போனவனை என்ன செய்வது? தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து எதிர்க் கடைக்குப் போன சேல்ஸ்மேனைக் கேட்டுப் பாருங்கள். பழைய முதலாளி ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரைட், அது அவர் இஷ்டம். ஆனால் அந்தப் பையனுக்கு வலிப்பு வரும் என்று புதுக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னால்? அதற்குப் பெயர் போட்டியா?

வந்தவன் எதிரிதான். ஊளையிடுங்கள், கேலி பண்ணுங்கள், அவன் அவுட்டானால் எழுந்து ஆடுங்கள். ஆனால், நம் ஆளாக இருந்தபோது நம்மிடம் காட்டிய காயத்தை அவன் திரும்பி வரும்போது ஆயுதமாக எடுக்காதீர்கள். ஆடியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

புதன்கிழமை ஸ்டெல்லா அக்கா வந்தார். ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். பழையபடி ஆட முடியுமா என்று டாக்டர் வாயைத் திறக்கவில்லையாம். ஆபீஸிலும் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஆன்டனி வந்தானா அக்கா?" என்றேன்.

"தெனம் வந்து கால்மாட்டுல குந்திகினு அழுவுறான் சார். அவன இன்னா சொல்றது?" கத்தியை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். போவாதடா, லீவு போட்டுடு, அவங்களுக்குத்தான் உன் காலு தெரியுமேன்னு. சிரிக்கிறான். 'தெரியும்னுதாம்மா தைரியமாப் போறேன். நம்ம ஜனம், அந்தக் கால தொட வுடமாட்டாங்க'ன்னான்."

மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சொல்ல மறந்துவிட்டேனே... கோப்பை எங்களுக்குத்தான்.