இசை நடுவே எழுந்து நின்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், பனி கரையத் தொடங்கிய பங்குனி மாதத்தில், இங்கே ரொறன்ரோவில் நடந்தது இது. எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கானா நாட்டுத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருந்தார். பகலில் பக்கத்து நகரமான மிசிசாகாவில் வேலை. பின்னேரங்களில், வயலினும் செல்லோவும் வாசிக்கிற பெரிய குழுக்களுக்காக இசை எழுதுவார். நான் சாமி அறையில் விளக்கேற்றும் நேரம்தான் அவரும் கீபோர்டைத் தொடுவார். வீட்டைச் சூடாக்கும் ஹீற்றர் துவாரம் வழியாக அந்த ஒலி மேலே வந்து சாம்பிராணிப் புகையோடு கலந்து நிற்கும். எது புகை, எது இசை என்று தெரியாமல் கண்மூடி இருந்துவிடுவேன்.

“உந்தப் பெடியன் ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி வாசிக்கிறான். வழி தெரியேல்லையோ?” என்று என் கணவர் பகிடி விடுவார்.

ஒருநாள் தம்பி வாடிய முகத்தோடு வந்தார். முதல்முறையாக அவருடைய இசையை ஒரு குழு வாசிக்கப் போகிறது. ஆனால் அதை நடத்துபவர், கடைசிப் பகுதி மிகவும் மெதுவாக இருக்கிறது, சனம் எழும்பிப் போய்விடும், உங்கள் ஊர் மேளம் ஏதாவது சேருங்கள் என்றாராம். தம்பி மறுத்துவிட்டார். சனம் எழும்பிப் போனால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், ஊருக்கே திரும்பவேண்டியதுதான் என்றார். பிள்ளையாரை வேண்டித் திருநீறு நீட்டினேன். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் குனிந்து பூசிக்கொண்டார்.

கச்சேரிக்கு மகளோடு போனேன். முன்வரிசை. தம்பி மேடைக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றார். அந்த மெதுவான பகுதி வந்தது. ஒரே ஒரு வயலின், மூச்சு விடுவதுபோல. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை சேர்ந்தன. மண்டபம் எங்கோ மிதந்துபோனது. திரை விலகித் தீபம் தெரிகிற நேரம்போல நெஞ்சு நிறைந்தது. என்னை அறியாமலே எழும்பி, தலைக்கு மேல் கைகூப்பிவிட்டேன்.

“அம்மா, ப்ளீஸ், சிட் டவுன்! எல்லாரும் பாக்கினம்!” மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் உறைத்தது. தம்பி பயந்த காரியத்தை முதல் ஆளாகச் செய்தது நான்! சட்டென்று உட்கார்ந்தேன். நல்லகாலம், வேறு ஒருவரும் அசையவில்லை. இசை முடிந்ததும் எழுந்த கைதட்டலில், குழுவை நடத்தியவரே தம்பியைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். இன்னொரு இசை எழுதித் தரும்படி அங்கேயே கேட்டாராம். மேளத்தைப் பற்றிப் பேச்சே இல்லையாம்.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தம்பி விடவில்லை.

“அன்ரி, நீங்கள் எழும்பியதும் என் உயிரே போய்விட்டது. பிறகுதான் உங்கள் கைகளைப் பார்த்தேன்” என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். கண் நனைந்திருந்தது.

சுவாமி நான் கும்பிடுகிற கோயிலுக்குள் மட்டும்தான் வருவார் என்று, அதற்குப் பிறகு என்னால் ஒருநாளும் நினைக்க முடிந்ததில்லை.