ஒரே வரியில் இரண்டு காளியம்மா

எங்கள் மருத்துவமனை சிஸ்டருடைய பதிவேட்டை முதன்முதலில் திறந்த அன்று, அவர் வீட்டில் ஏதோ சின்னக் குழந்தை இருக்கிறது, அதுதான் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக் கிறுக்கியிருக்கிறது என்று நினைத்தேன். நீளமான, தடித்த அட்டை போட்ட பதிவேடு. ஒவ்வொரு கர்ப்பிணிப் பெண்ணின் பெயருக்கும் முன்னால் நீலப் பேனாவில் ஒரு படம். ஒன்றில் பலாமரம், அடியில் தொங்கும் காய்வரை. ஒன்றில் தண்ணீர்த் தொட்டி. இன்னொன்றில் ஒரு கொம்பு மட்டும் உள்ள மாடு. "இன்னா சிஸ்டர், ட்ராயிங் கிளாஸும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "அதெல்லாம் வூடுங்கக்கா. இந்த மலையில பேரு எல்லாருக்கும் ஒண்ணுதான். வூடுதான் வேற வேற."

நல்ல பேச்சு என்று தோன்றியதும் செல்போனில் குறித்துக்கொண்டேன். யார் எதை அழகாகச் சொன்னாலும் குறித்துக்கொள்வது என் பழக்கம். குறித்துக்கொண்டதோடு சரி, அதன் பொருளை அன்றைக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

ஜவ்வாது மலைமேல் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனை எங்களுடையது. வியாழக்கிழமைதோறும் திருப்பத்தூரிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் சிஸ்டர்தான் எல்லாம். அவர் மலைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆனாலும் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் என் வாய் தானாக 'ங்க' போட்டுவிடும். நான் ஆலங்காயத்துக்காரி. வீட்டுக்காரரின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் தட்டுவதைப் பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். பன்னிரண்டாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. அந்தக் கைப்பழக்கத்தை நம்பித்தான் மருத்துவமனையில் பதிவு வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காலைப் பேருந்தில் மலை ஏறி, சாயங்காலப் பேருந்தில் இறங்குவேன். சிஸ்டர் எனக்கு வைத்த பெயர் 'கம்ப்யூட்டர்க்கா'.

அப்போதெல்லாம் சிஸ்டர் வாரத்தில் இரண்டு நாள் நடப்பார், நான்கு நாள் எழுதுவார். நடப்பது என்றால் ஊர் ஊராகப் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது. எழுதுவது என்றால் அதையே ஏழு பதிவேடுகளில் ஏழு விதமாக எழுதுவது. "நடக்கிறப்ப கூட காலு வலிக்கலக்கா, எழுதினா வலிக்குது" என்பார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

போன ஆண்டு அறக்கட்டளை அலுவலகம் எங்களுக்கு ஒரு ஏஐ ஏஜென்டைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் வகை இல்லை இது. வேலையை ஒருமுறை விளக்கிச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு படியாகத் தானே செய்துகொண்டு போகும். பதிவேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் படித்துப் பட்டியலில் ஏற்றும். யாருக்கு அடுத்த பரிசோதனை எப்போது என்று பார்க்கும். அந்த வீட்டுக்குப் போன் போட்டுத் தமிழில் நினைவுபடுத்தும். வியாழக்கிழமை யார் யாரை ஏற்றி வரவேண்டும் என்று ஜீப் டிரைவருக்குப் பட்டியல் அனுப்பும். சாயங்காலம் நான் பேருந்துக்குக் கிளம்புமுன், இன்றைக்கு இன்னின்ன செய்தேன் என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். இதற்கெல்லாம் நான் கொடுத்த கட்டளைகள் அத்தனையும் தமிழில், நானே யோசித்து யோசித்துத் தட்டியவை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக இருந்த நாட்கள் குறைவு.

மலையில் ஏஜென்ட் என்றால் கேரளாவுக்கும் திருப்பூருக்கும் ஆள் சேர்க்க வருகிறவர். அதனால் எங்கள் ஏஜென்டைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு பெரியவர், வாசலில் நின்று, "எந்த எஸ்டேட்டுக்குமா ஆள் எடுக்கிறான்? அட்வான்ஸ் குடுப்பானா?" என்று விசாரித்தார். "இவன் ஆளை மலையைவிட்டு இறக்க மாட்டான் பெரியவரே, டாக்டர்கிட்ட ஏத்திவிடுவான்" என்றேன். "அப்ப கூலி?" என்றார். கரண்ட்தான் கூலி என்றதும், "நல்ல அடிமையா புடிச்சீங்க" என்று போய்விட்டார்.

இரண்டே மாதத்தில் சிஸ்டருடைய கணக்கு தலைகீழாக மாறியது. ஐந்து நாள் நடை, ஒரு நாள் எழுத்து. வருடக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத குக்கிராமங்களுக்கெல்லாம் போனார். ஒரு முறை சேறு அப்பிய காலோடு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கம்ப்யூட்டர் திரைக்குத் திருஷ்டி கழித்தார்.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்ல வேண்டும். ஏஜென்டுக்கு நான் கொடுத்த கட்டளைகளில் இரண்டு வரிகள் அந்தத் தவறு. ஆரம்பத்தில் அது பதிவேட்டில் இருந்த படங்களையும் விடாமல் படித்து, குறிப்புப் பகுதியில் 'பலாமரம்', 'மாடு' என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தது. பட்டியல் அசிங்கமாகத் தெரிந்தது. 'படங்களை விட்டுவிடு, எழுத்தை மட்டும் படி' என்று ஒரு வரி எழுதினேன். பிறகு, ஒரே பெண் இரண்டு பக்கங்களில் வந்தால் இரண்டு பேராகக் காட்டியது. 'ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றாக்கிவிடு' என்று இன்னொரு வரி எழுதினேன்.

மலையில் பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பையன் இருப்பான். அப்படி ஓர் ஊரில் வெள்ளையன் என்று பெரியப்பா மகன் ஒருவர், சித்தப்பா மகன் ஒருவர். இருவர் மனைவியின் பெயரும் காளியம்மா. பலாமரத்து வீட்டுக் காளியம்மா, தொட்டி வீட்டுக் காளியம்மா. இருவரும் ஒரே நேரத்தில் கர்ப்பம். வயது கேட்டால் இருவரும் இருபத்திரண்டு என்பார்கள், குத்துமதிப்பாக. அந்த ஊரில் சிக்னல் எடுப்பது ஒரே இடத்தில்தான், அங்கே மாட்டியிருக்கும் ஒரே போன்தான் இரண்டு வீட்டுக்கும் எண். பெயர், கணவர் பெயர், ஊர், வயது, போன் எண் எல்லாம் ஒன்று. வேறுபடுத்திக் காட்ட இருந்தவை அந்த இரண்டு படங்கள் மட்டுமே.

ஏஜென்ட் தன் சாயங்காலக் குறிப்பில் ஒளிக்காமல்தான் எழுதியிருந்தது: 'இரட்டைப் பதிவுகள் மூன்று இருந்தன, ஒன்றாக்கிவிட்டேன்.' நான் அதைப் படித்து, பரவாயில்லையே, நம்மைவிடச் சுத்தமாக வேலை செய்கிறதே என்று மெச்சிவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். ஒன்றாக்கியபோது கடைசியாகப் பார்த்த தேதியின் விவரத்தை வைத்துக்கொண்டு, பழையதை ஓரங்கட்டியிருக்கிறது. கடைசியாகப் பார்த்தது பலாமரத்து வீட்டை. அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஓரங்கட்டப்பட்ட தொட்டி வீட்டுக் காளியம்மாவுக்கு எட்டாம் மாதம், கால் வீக்கம், பிரஷர் கூடுதல், கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் அடிக்கோடு போட்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, மழை விட்ட மறுநாள். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்களை சிஸ்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, "தொட்டி வூட்டுக் காளியம்மா எங்க?" என்றார். நான் பட்டியலைப் பார்த்து, "இதோ இவங்கதானே சிஸ்டர் காளியம்மா" என்றேன். "இது பலாமரம்க்கா. தொட்டி எங்க?" அவர் என் திரையைக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நிமிடம் டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஓடையைத் தாண்டி ஜீப் போகவில்லை. அங்கிருந்து ஒரு மணி நேரம் ஏற்றம். அதுவரை அந்த ஊர்களின் பெயர்களை நான் ஆயிரம் முறை தட்டியிருப்பேன், ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. மூச்சு வாங்கி நான் நின்றபோதெல்லாம் சிஸ்டர் நிற்காமல் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் காளியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி. "கண்ணு மங்கலா கீது சிஸ்டர், பனி மாதிரி" என்றாள். சிஸ்டர் பிரஷர் பார்த்தார். அவர் உதடு இறுகியதைப் பார்த்தே அளவு தெரிந்துவிட்டது. எந்த நேரமும் வலிப்பு வரலாம், தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே கையைவிட்டுப் போகலாம்.

கம்பளியை மூங்கிலில் கட்டி டோலி செய்தார்கள். முன்னால் ஒரு வெள்ளையன், பின்னால் இன்னொரு வெள்ளையன். மாற்றுத் தோளுக்கு டிரைவர். இறங்கும்போது அவள் வீட்டுக்காரர், குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல், எனக்கு விளக்கம் சொல்வதுபோலச் சொன்னார்: "மின்ன எல்லாம் சிஸ்டரு வரலன்னா நாங்களே இட்டுக்கினு வந்துடுவோங்க. இப்பதான் போன் வருதே. வந்த ஒரு போன பலாமரத்து வூட்ல எடுத்துட்டாங்க. எங்களுக்கு போன் வரலியா, அப்ப ஒண்ணும் இல்லன்னு வுட்டுட்டோம்." இதைச் செல்போனில் குறித்துக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை.

டாக்டர் ஊசி போட்டு உடனே திருப்பத்தூருக்கு அனுப்பினார். வளைவு வளைவாக ஜீப் இறங்க, காளியம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சிஸ்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய்க்கு நினைவு தெளிய மறுநாள் ஆயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிஸ்டரிடம், "அந்த ஏஜென்டை நாளைக்கே நிறுத்திடுறேன்" என்றேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நிறுத்திட்டு? மறுபடியும் நான் நாலு நாளு குந்திக்கினு எழுதவா? அப்ப அந்தக் கடைசி ஊர்ல கீற பொண்ணுங்கள யாரு போய்ப் பாக்கிறது?" என்றார். "அதுவா எதுவும் பண்ணல. நீங்க எழுதின வரிதானக்கா? நீங்களே மாத்துங்க. ஆனா சரியா மாத்துங்க."

அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கோபத்தில் சொன்னதில்லை, சமாதானத்துக்குச் சொன்னதுமில்லை. அவிழ்ந்த கட்டை மறுபடி இறுக்கிக் கட்டச் சொல்கிற குரல் அது.

மறுநாள் முதல் உட்கார்ந்தேன். ஏஜென்ட் தொட்ட ஒவ்வொரு பதிவையும் பழைய பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றாக்கிய மூன்றில் இன்னொன்றும் தவறு. நல்லவேளை, அந்தப் பெண்கள் இருவரும் நலம். படங்களை விட்டுவிடு என்ற வரியை அழித்து, படம்தான் வீடு, வீடுதான் ஆள் என்று எழுதினேன். எதையும் ஒன்றாக்காதே, அழிக்காதே, சந்தேகம் வந்தால் எங்களைக் கேள் என்று எழுதினேன். நாங்கள் பதில் சொல்லும்வரை இரண்டு பேர் என்றே வைத்துக்கொள் என்று எழுதினேன். போனை எடுக்காத வீடு அன்றைக்கே டிரைவருடைய பட்டியலில் ஏறவேண்டும் என்று எழுதினேன். பிறகு அதைச் சோதிக்க, சிஸ்டரும் டிரைவருமாக வேண்டுமென்றே குழப்பமான பெயர்களை உருவாக்கிக் கொடுத்தார்கள். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே பெயர், இரட்டைப் பிள்ளைகள், பெயர் மாற்றிக்கொண்ட மருமகள். "இதுக்கு இன்னா பண்ணுது பாருங்க" என்று டிரைவர் புதுப்புதுக் குடும்பங்களைக் கண்டுபிடிப்பார். மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு பெயருக்கும் அது நின்று எங்களைக் கேட்ட பிறகுதான் மறுபடி வேலைக்கு விட்டோம்.

காளியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் தடுப்பூசிக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், "இன்னாக்கா, உங்க கம்ப்யூட்டரு என்னையும் பலாமரத்தாளையும் ஒண்ணா சேத்துடுச்சாம்? சேத்ததுதான் சேத்தீங்க, அவ மரத்துல பாதிய எனக்கு எழுதி வெச்சிருக்கலாம். அவ வூட்டுக்காரன் மட்டும் வேணாம், கொறட்ட" என்றாள். மருத்துவமனையே சிரித்தது. நானும் சிரித்தேன், குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல்.

சிஸ்டருக்கு அரசு வேலை கிடைத்து வேறொரு மலைக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. புது சிஸ்டர் சமவெளிப் பெண், கெட்டிக்காரர், ஆனால் எந்த வீடு எங்கே என்று தெரியாது. வந்த முதல் வாரத்தில் ஏஜென்ட் ஏழு சந்தேகம் கேட்டது. பதில் சொல்ல மருத்துவமனையில் ஆள் இல்லை. விதிப்படி எல்லாரையும் இரண்டிரண்டு பேராக வைத்துக்கொண்டது. டிரைவர் வந்து சலித்துக்கொண்டார்: "இல்லாத பொம்பளைய தேடி ரெண்டு மலை ஏறினேங்கக்கா." அந்த வரியைத் தளர்த்தினால் சலிப்பு தீரும். எனக்குக் கை வரவில்லை. புதன்கிழமைகளில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பட்டியல் வேலையை ஏஜென்ட் பார்த்துக்கொள்ளட்டும். அது கேட்கிற கேள்விக்குப் பதில் தேடி நான் நடக்கிறேன். முழங்கால் முணுமுணுக்கிறது. நடக்கிறேன்.

போன புதன்கிழமை அது கேட்டது, ஓர் ஊரில் பொன்னி என்ற பெயரில் இருக்கும் இரண்டு பதிவுகள் ஒருவருடையவையா என்று. இரண்டாவது பதிவு பக்கத்து ஊர்ப் பள்ளியில் நடந்த முகாமில் எழுதியது, அதில் படம் எதுவும் இல்லை. ஒரே ஆளாகத்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. புது சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். வெயில் ஏறுமுன் ஊர் வந்துவிட்டது. பெண்கள் நான்கைந்து பேர் நிழலில் வட்டமாக உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இங்க பொன்னி யாருமா?" என்று கேட்டேன்.

இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். இருவருக்கும் வயிறு.

"பிரஷர் மிஷினை எடுங்க சிஸ்டர்" என்றேன். "ரெண்டு பேருக்கும்."