வெளிப்பக்கம் பூட்டிய வான்

எங்கள் வானின் பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும், "வானுக்குள்ளையோ இருந்தனீங்கள்? ஊர் ஊராய்ச் சுத்தியிருப்பியள் என்ன!" என்று கண்ணை விரிக்கிறார்கள். இப்போதெல்லாம் காணொளிகளில் வருகிறதே, வெள்ளைக்காரப் பிள்ளைகள் வானுக்குள் கட்டில் போட்டு, கடற்கரையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பி குடிக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வான் ஓரிடமும் போனதில்லை. பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலைச் சுற்றி நாலைந்து தெருக்கள், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை, அவ்வளவுதான் அதன் உலகப் பயணம்.

2009இல் சண்டை முடிந்து, வன்னியில் மிஞ்சிய எங்களை முள்ளுக்கம்பி முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து வெளியே வந்த பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பாரிஸ், ரெஸ்டோரண்டில் வேலை, நகரத்துக்குப் பக்கத்தில் பொபினியில் அறை. அறை இருந்தது உண்மைதான். அந்த அறைக்குள் இன்னொரு குடும்பமும் இருந்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளை பிறந்ததும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இடம் போதாமல் போய்விட்டது. எங்களைப் போகச் சொன்னார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஒரு கடைக்காரர் கழித்துவிட்ட மரக்கறி வானை இவர், என் மனுஷன், வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். "ரெண்டு கிழமைக்குத்தான். அதுக்குள்ளை ஒரு அறை பாத்திடுவன்," என்றார். அந்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு மாரிகாலம் வந்து போனது.

முன்பக்கம் ஓட்டுபவர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இரும்புத் தகடு. பின்னால் சன்னல் இல்லை. நிலத்தில் அட்டைப்பெட்டிகளை விரித்து, அதன் மேல் மெத்தை. ஒரு மூலையில் சின்ன காஸ் அடுப்பு, மற்ற மூலையில் மூடி போட்ட வாளி. வாளி எதற்கென்று சொல்லத் தேவையில்லை. காலையில் எழும்பினால் எங்கள் மூச்சே தண்ணீராகி, கூரையிலிருந்து முகத்தில் சொட்டும். முன்பு ஏற்றிய லீக்ஸ் மரக்கறியின் பழைய மணம் கடைசி வரை போகவில்லை. லாச்சப்பலில் நின்றதில் ஒரேயொரு வசதி, வெங்காயம் தாளித்தாலும் மீன் பொரித்தாலும் எங்கிருந்து மணக்கிறது என்று ஒரு சனமும் திரும்பிப் பார்க்காது.

பகலில் இவர் இருக்கும்போது வெளியே வருவேன், பொதுக் குளியலறைக்குப் போவேன், கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவேன். பின்னேரம் இவர் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே விட்டு, வெளியால் ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுப் போவார். வெளியில் பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் இல்லை, சாமான்தான் இருக்கிறது என்று நினைப்பார்களாம். பொலிஸ் தட்டாதாம், குடிகாரன் இழுத்துப் பார்க்கமாட்டானாம். இவர் திரும்பி வரும் வரைக்கும் நான் சாமான்தான்.

எனக்கு நகை வேண்டாம், சீலை வேண்டாம், அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க ஒரு வழி மட்டும் வேண்டும் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

"ஒரு கைப்பிடி பூட்டி விடுங்கோவன். ஆமைப்பூட்டை உள்பக்கமாப் போடுவம். பூட்டுத் திறப்பு என்ரை கையிலை இருக்கட்டும்."

"உள்ளுக்கை பூட்டினால் ஆள் இருக்கெண்டு தெரிஞ்சிடுமெல்லே."

"நெருப்புப் பிடிச்சால்?"

"பேய்க்கதை கதையாதையும். நீர் ஏன் பயப்படுறீர்? நான் பூட்டிக்கொண்டுதானே போறன்!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு அன்பு. அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. ரெஸ்டோரண்டில் மிஞ்சும் கோழித் துண்டை எனக்கென்று பொதி செய்து கொண்டு வருவார். என் காலடியில் சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுத்தான் தான் படுப்பார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் பூட்டினார். அதனாலேயே எனக்குச் சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் போனது. முகாமில் காவல் நின்றவனை மனதுக்குள் திட்டித் தீர்க்கலாம். இவரை என்னவென்று திட்டுவது?

சத்தம் போடக்கூடாது என்பது இவருடைய இன்னொரு கட்டளை. சத்தம் போட்டால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் வான் போகும், வான் போனால் நாங்கள் தெருவில். அதோடு இங்கே தங்கியிருக்க இவருக்குக் கொடுத்த கார்ட் அப்போது புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. ஒரு சின்னப் பிரச்சினையும் வரக்கூடாது. பொபினியில் இன்னும் அறையில் இருக்கிறோம் என்றுதான் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். ஆகவே தும்மல் வந்தாலும் தலையணைக்குள் தும்மினேன்.

இப்படி இருக்கும்போதுதான் பிள்ளையார் தேர் வந்தது.

லாச்சப்பலில் தேரென்றால் தெரியும்தானே. ஊர்ச்சனம் மட்டுமில்லை, வெள்ளைக்காரர்களும் படமெடுக்க நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். தேருக்கு முன்னால் தெருவில் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். அந்த முறை ஒரு கடைக்காரர் உடைக்கக் கொடுத்த தேங்காய்ச் சாக்குகளை இவர்தான் வானில் ஏற்றி வந்தார். முதல்நாள் இறக்கியது போக இரண்டு சாக்கு உள்ளேயே கிடந்தது. விடிய எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தேர் வரும் தெருவிலேயே வானை நிறுத்திவிட்டார்.

தேரன்று அந்தத் தெருக்களில் ஒரு வாகனமும் நிற்க விடமாட்டார்கள். அது லாச்சப்பலில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். எடுக்கச் சொல்லிக் கம்பங்களில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்கள் வானுக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒட்டியிருந்ததை மறைத்து வாழைமரம் கட்டியவர் வேறு யாருமில்லை, இவர்தான். கட்டி, மாவிலைத் தோரணமும் இழுத்து, வடிவாக இருக்கோ என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் வடிவு என்றேன். பார்க்கப் போனால் எங்கள் இரண்டு பேருக்குமே அது வாகனம் என்பது மறந்து போயிருந்தது. தேருக்கு வாகனத்தைத்தானே எடுக்கச் சொல்வார்கள், வீட்டை ஆராவது எடுக்கச் சொல்வானா?

அன்று எனக்கு இரண்டாம் நாள். கோயில் பக்கம் போகக்கூடாது. வீட்டுக்கு விலக்கு என்று சொல்வதற்கு ஒரு வீடாவது இருக்க வேண்டாமா என்று எனக்கு எரிச்சல். வருஷத்தில் ஒரு நாள் சனத்தோடு சனமாய் வெளியில் நிற்கலாம் என்று சீலை எடுத்து மடித்து வைத்திருந்தேன்.

"நீர் இண்டைக்கு வரேலாதுதானே. உள்ளுக்கை படுத்திரும். தேர் இருப்புக்கு வந்தவுடனை ஓடிவந்து திறக்கிறன்," என்றார் இவர். வேட்டியைக் கட்டி, சேட்டைத் தோளில் போட்டு, திருநீற்றைப் பூசிக்கொண்டு, சாக்குகளையும் மறந்து இறங்கினார். ஆமைப்பூட்டு கிளிக் என்றது.

கொஞ்ச நேரம் நித்திரை கொண்டிருப்பேன். வெளியில் பிரெஞ்சில் ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். வானுக்குக் கீழே இரும்பு உரசியது. பிறகு என் தலைமாடு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஐயோ கடவுளே, முதலில் தலைசுற்றென்றே நினைத்தேன். அரிசி வாளி சறுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. அடுப்பு போனது. மூடி போட்ட வாளியும் போனது, மூடி இல்லாமல். தேங்காய்ச் சாக்கு அவிழ்ந்து தேங்காய்கள் உருண்டு வந்து என் கால்மாட்டில் குவிந்தன. மெத்தையோடு நானும் வழுக்கிப் பின்கதவில் போய் இடிபட்டேன். வானை லொறியில் கொளுவித் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

இவருக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேட்டிக்கு ஏது பொக்கற்? கழற்றி வைத்த சேட்டோடு போனும் கோயிலில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

கதவுக்கு அந்தப் பக்கம் தமிழ்ச்சனம் நின்று விடுப்புப் பார்த்தது. ஒரு கை தூரத்தில் நின்று கதைக்கிறார்கள், எல்லாம் கேட்கிறது.

"ஆற்றையப்பா இந்த வான்?"

"ஆரோ கடைக்காரன்ரை. உள்ளுக்கை தேங்காய் போலை, உருளுற சத்தம் கேக்குது."

"விடு, தூக்கட்டும். தேர் போற இடத்திலை கொண்டுவந்து விட்டிருக்கிறான் விசரன்."

நான் வாயைத் திறந்தேன். கத்தினால் என்ன நடக்கும் என்று மனம் ஓடிப்பார்த்தது. பொலிஸ். இவருடைய கார்ட். கூட்டத்துக்குள் இவருடைய மாமியும் நிற்பாவே. பழைய இரவுச்சட்டை, தலை சீவவில்லை, வாளி கவிழ்ந்த நாற்றம், தீட்டுத் துணி. இந்தக் கோலத்தில் கதவைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். கத்தாமல் இருந்தால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது திறப்பார்கள், ஒன்றும் தெரியாது. லொறி மெல்ல நகரத் தொடங்கியது. பெட்டிக்குள் போட்டு மண்ணில் தாட்டுவது போல எனக்கு மூச்சு அடைத்தது. செத்தாலும் பரவாயில்லை, சத்தம் போடாமல் மட்டும் சாகமாட்டேன் என்று ஒரு கோபம் வந்தது பாருங்கள், அப்படியொரு கோபம் எனக்கு முள்ளுக்கம்பிக்குள் இருந்தபோதும் வந்ததில்லை. ஒரு தேங்காயைத் தூக்கிக் கதவில் அடித்தேன். அடியடியென்று அடித்தேன். தேங்காய் வெடித்துத் தண்ணீர் முகமெல்லாம் சிதறியது. அடுத்ததை எடுத்தேன். "திறவுங்கோ! ஆள் இருக்கு! திறவுங்கோடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வெளியில் ஒருத்தி வீல் என்று அலறினாள். லொறி நின்றது. வானைக் கீழே இறக்கினார்கள். பெரிய கத்தரி போன்ற ஒன்றால் பூட்டை வெட்டிக் கதவைத் திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பட்டுச்சீலைகள், மல்லிகைப்பூ, தூக்கிப் பிடித்த போன்கள். நான் அந்த நடுவில் தேங்காய்த் தண்ணீர் வடிய இறங்கினேன். யாரோ ஒரு அம்மா தன் சால்வையை உருவி என் மேலே போட்டா. நிமிர்ந்து மூச்சு எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த மூச்சு நன்றாக இருந்தது.

ஒரு பொலிஸ்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது. கூட்டத்துக்குள் நின்ற, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெட்டை முன்னுக்கு வந்தது. "அன்ரி, அவா கேக்கிறா, உங்களை ஆர் பூட்டினது?"

அந்த நேரம் பார்த்து இவர் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். திருநீறு வியர்வையில் கரைந்து வடிகிறது. என்னைக் கண்டார், திறந்து கிடந்த வானைக் கண்டார், பொலிஸைக் கண்டார்.

"ஏனப்பா சத்தம் போட்டனீர்?" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. எனக்குப் பாதத்திலிருந்து உச்சி வரை பற்றியது. ஆனால் அவர் இரண்டு கையாலும் வேட்டி முடிச்சிலிருந்த பூட்டுத் திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இல்லை, பயத்தில். பொலிஸ்காரியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டை மறுபடி கேட்டது, "சொல்லுங்கோ அன்ரி, இவரோ பூட்டினது?"

அதற்கு ஒரு "ஓம்" போதும். அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

"நான்தான் பூட்டச் சொன்னனான்," என்றேன். "தனிய இருக்கப் பயம். அதாலை நான்தான் வெளியாலை பூட்டச் சொன்னனான்."

பெட்டை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. "உண்மையாவோ அன்ரி?" என்று கேட்டது. "ஓம் பிள்ளை," என்றேன். அது பிரெஞ்சில் சொன்னது. பொலிஸ்காரி நம்பவில்லை, மூன்று நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். நானும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டு இவரை விட்டுவிட்டாள். வானை மட்டும் கொண்டுபோய்விட்டார்கள்.

வானை மீட்கும் வரை இவருடைய மாமி வீட்டு முன்னறையில் படுத்தோம். பொபினி அறைக் கதை முடிந்தது. சாப்பாடு போடும்போது மாமி எனக்கு ஒரு அகப்பை கூடப் போட்டா. அந்த இரக்கம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. இனி இந்த மனுஷன் கட்டாயம் கைப்பிடி போடுவார், நான் அவரைக் காப்பாற்றியிருக்கிறேன், அதுகூடத் தெரியாமல் போகுமா என்று ஒரு நிம்மதி.

வான் வந்தது. இருவருமாகக் கழுவினோம். பின்னேரம் வேலைக்குப் புறப்படும்போது இவர் காற்சட்டைப் பையிலிருந்து புத்தம்புது ஆமைப்பூட்டு ஒன்றை எடுத்தார். முதல் பூட்டைவிடப் பெரிது. நான் ஏறாமல் நின்றேன்.

"கைப்பிடி?" என்று கேட்டேன்.

இவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. என்னை அண்ணாந்து பார்க்கும் குழந்தையைப் போல முழித்தார்.

"என்ன கைப்பிடி? நீர்தானே அண்டைக்கு அத்தனை சனத்துக்கு முன்னாலை சொன்னனீர், தனிய இருக்கப் பயம், நீர்தான் பூட்டச் சொன்னனீர் எண்டு."

நக்கலாகச் சொல்லவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு மனம் ஆறியிருந்தது போல, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையைப் பிடித்து என்னை உள்ளே ஏற்றிவிட்டார். சுடுதண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பிறகு கதவைச் சாத்தினார்.