பக்ஹார்ன் மலை பேசிய பேச்சு

ஓடிக்கொண்டிருக்கிற எதையும் சும்மா விட ஹோபர்ட் ஸ்கிட்மோருக்குத் தெரியாது. கெட்டுப்போன சாமானைச் சரிசெய்வது அவருக்குப் பிடிக்கும். நன்றாக இருக்கிற சாமானைச் சரிசெய்வது அதைவிடப் பிடிக்கும். மேற்கு வர்ஜீனியாவின் லாரல் ஃபோர்க்கில் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தபோது, பனிமூட்டத்தில் பாதுகாப்பாக இருக்குமே என்று ஒரு பேருந்தின் வைப்பரையும் ஹார்னையும் இணைத்துவிட்டார். தூறல் விழுந்தால் போதும், அந்த வண்டி பள்ளத்தாக்கு முழுக்கக் கத்திக்கொண்டே போகும். அவர் ஓய்வு பெற்ற அன்று விருந்து வைத்தவர்களில் சிலர் மெய்யான சந்தோஷத்தோடு வைத்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி மாக்ஸீன் ஒரு எல்லைக்கோடு போட்டிருந்தாள். சமையலறைச் சாமான் எதிலும் ஹோபர்ட் ஸ்க்ரூ டிரைவரை வைக்கக் கூடாது. அதனால் ஓய்வுக்குப் பிறகு அவருடைய கவனம் முழுவதும் பக்ஹார்ன் மலை உச்சியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்த ரிப்பீட்டர்மேல் விழுந்தது.

அது, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் சங்கத்துச் சொத்து. அந்த மலைநாட்டில் பக்கத்துப் பள்ளத்தில் இருப்பவனோடு பேசுவதற்குக்கூட நடுவில் மலை நிற்கும். ரிப்பீட்டர் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அலைவரிசையில் காதில் விழுந்ததை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் உரக்கச் சொல்லும். மாவட்டம் முழுக்கக் கேட்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய செட் ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, கிரிஸ்டல்களை மாற்றி, காயில்களைத் திருகித் திருகிப் புதிய அலைவரிசைக்கு இழுத்து, அதன் கத்தல் அதன் காதையே செவிடாக்காமலிருக்க உயரமான உலோகக் குழாய்களை வரிசையாக நிறுத்தி வடிகட்டி அமைத்தவர் ஹோபர்ட்தான். அதோடு நிறுத்தியிருந்தால் சங்கத்தில் அவர் படத்தை மாட்டியிருப்பார்கள்.

ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசலாம் என்று காட்ட ரிப்பீட்டர் ஒரு சின்ன 'பீப்' கொடுக்கும். ஹோபர்ட்டுக்கு அது உப்புச்சப்பில்லாமல் தோன்றியது. ஒரு இலையுதிர்காலத்தில் மலையேறிப் போய் அதை வாத்துச் சத்தமாக மாற்றினார். அசல் வாத்து தோற்றுப்போகும். ஆனால் ஊரில் பாதிப்பேர் பிக்கப் வண்டியில் வேட்டை நாயை வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள். ஒரு நாய் வாத்தைத் தேடி ரேடியோவையே டாஷ்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் சங்கத் தலைவர் டென்சில் காஸ்ட்டோ எழுந்து நின்றார். டென்சில் ஈமச்சடங்கு இல்லம் நடத்துபவர். துக்கம் விசாரித்து விசாரித்து அவருக்கு வேறு குரலே இல்லாமல் போயிருந்தது.

"ஹோபர்ட், உன்மேல எங்க எல்லாருக்கும் எவ்வளவு பிரியம்னு உனக்கே தெரியும்," என்று ஆரம்பித்தார். தான் செத்துப்போய்விட்டோமோ என்று ஹோபர்ட்டுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. "இனிமே நீ தனியா மலைமேல போகக் கூடாதுன்னு சங்கம் முடிவு பண்ணியிருக்கு."

அந்த முடிவு இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. மூன்றாம் வருஷம் ஜனவரியில் ரிப்பீட்டரின் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோய், மலை முணுமுணுக்க ஆரம்பித்தது. கூடப்போக ஆளில்லை. டென்சிலுக்கு அன்று அடுத்தடுத்து இரண்டு அடக்கம்.

"ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாத்து. மாத்திட்டு இறங்கி வந்துடு," என்று போனில் சொன்னார்.

"சரி," என்றார் ஹோபர்ட்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றத்தான் போனார். கோட்டுப் பையில் ஒரு சின்ன சர்க்யூட் பலகையும் இருந்தது, அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரிப்பீட்டர் தன் அடையாளமான அழைப்பெழுத்தைச் சொல்லியாக வேண்டும், அது சட்டம். அதுவரை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் கட்டுக் கடகட என்று அடித்துக்கொண்டிருந்தது. ஹோபர்ட்டின் பலகையில் குரலைப் பதிந்துகொள்ளும் சில்லு இருந்தது. பதிவதற்கு மாக்ஸீனைப் பிடித்தார். அவள் மெதடிஸ்ட் சர்ச்சில் பாடுகிறவள், கணீர்க் குரல்.

"நான் என்ன சொல்லணும்?"

"அழைப்பெழுத்தச் சொல்லு. அப்புறம் 'பக்ஹார்ன் மலை ரிப்பீட்டர்'னு சொல்லு. ஞாயித்துக்கிழமைக் குரல்ல சொல்லு."

மாக்ஸீன் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னாள். அழகாக வந்தது. ஹோபர்ட் அதில் மயங்கி, பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துபோனார்.

"முடிஞ்சுதா? அப்ப இந்தக் குப்பையை என் மேசைலருந்து எடு. அப்படியே அந்த இர்மா குடுத்த பழக்கேக்கையும் கொண்டுபோய்த் தூரப் போடு. நாய்க்கு வச்சேன். மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாரு, நான் என்ன தப்புப் பண்ணினேன்ங்கிற மாதிரி."

ஹோபர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பதிந்ததைப் போட்டுக் கேட்டார். முதல் வரி பிசிறில்லாமல் இருந்தது. திருப்தியோடு அங்கேயே நிறுத்திவிட்டார்.

இர்மா, டென்சிலின் மனைவி. பாடகர் வரிசையில் மாக்ஸீனுக்குப் பக்கத்து இடம்.

மலையில் ஆம்ப்ளிஃபயர் வேலை சீக்கிரம் முடிந்தது. புதுப் பலகையை வைக்கத்தான் பெட்டிக்குள் இடம் இல்லை. கீழேயிருந்தே எண்களை அழுத்தி ரிப்பீட்டரை நிறுத்துவதற்கு ஒரு பலகை இருந்தது. யாரும் அதைத் தொட்டதே இல்லை. ஹோபர்ட் அதைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் மாக்ஸீனை உட்காரவைத்தார். வெளியே வானம் ஈயம் பூசியதுபோல் ஆகிக்கொண்டிருந்தது. விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை வருவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினார்.

பாதி மலை இறங்கும்போது வண்டி ரேடியோவில் மாக்ஸீன் குரல் வந்தது. ஹோபர்ட் பெருமையாகச் சத்தத்தைக் கூட்டினார். மலை தன் பெயரைச் சொன்னது. நிறுத்தவில்லை. குப்பையை எடுக்கச் சொன்னது, கேக்கைப் பற்றிச் சொன்னது, நாயைப் பற்றிச் சொன்னது. கடைசியில் ஹோபர்ட்டின் சிரிப்பும் அதிலேயே வந்தது.

அவர் பிரேக்கை மிதித்து, வண்டியைத் திருப்பினார். அதற்குள் பாதை கண்ணாடியாகியிருந்தது. வண்டி அவசரமில்லாமல் பின்னோக்கிச் சறுக்கி, மரியாதையாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அடிவாரத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து, வண்டியை அங்கேயே விட்டு, ஹோபர்ட்டை மட்டும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்.  இறக்கிவிடும்போது, "எங்க வீட்டுக்கும் அந்தக் கேக் ஒண்ணு வந்துச்சு. கதவுக்கு முட்டுக்குடுத்து வச்சிருக்கோம்," என்றார்.

கரண்ட் போயிருந்தது, போனும் போயிருந்தது. விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு எதிரே மாக்ஸீன் நின்றுகொண்டிருந்தாள்.

"மாக்ஸீன், நான் விளக்கமாச் சொல்றேன்."

"நீ சொல்ல வேண்டாம். மலையே எல்லாம் சொல்லிடுச்சு. அதை நிறுத்து."

"இங்கருந்து நிறுத்த முடியாது."

"ஏன் முடியாது?"

ஹோபர்ட் பையிலிருந்து பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். மாக்ஸீன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிறுத்துற சாமான் இதுதானா?"

"ஆமா."

"மலைமேல இருக்க வேண்டியது உன் பைக்குள்ள என்ன பண்ணுது?"

ஹோபர்ட் குனிந்து அடுப்பில் ஒரு விறகை வைத்தார்.

நிறுத்த முடிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. மரங்கள் ஒடிந்து, கம்பங்கள் சாய்ந்து, மாவட்டத்துக்கு வாயென்று மிஞ்சியது பாட்டரியில் ஓடிய அந்த ரிப்பீட்டர் ஒன்றுதான். டென்சில் தன் ஈம இல்லத்து ஜெனரேட்டரை ஓட்டி, அங்கிருந்தே அவசரச் செய்திகளை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். ஹாம் இல்லாதவர்களும் போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்க வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிற ஊர் அது. எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மில் ரோட்டுல ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் முடியப்போகுது. டயர்ல சங்கிலி போட்ட வண்டி யார்கிட்டயாவது இருக்கா?" என்று டென்சில் அந்தக் குரலில் கேட்பார். பதில் வருவதற்குள் மலை குறுக்கே வந்து நாயைப் பற்றிச் சொல்லும். டென்சில் அது முடியும்வரை காத்திருந்து, "நன்றி. அடுத்து யாரு?" என்பார். ஒவ்வொரு தடவையும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் மெலிந்தது.

மறுநாளுக்குள் ஊர் பழகிக்கொண்டது. "பெரிய செய்தி ஒண்ணு இருக்கு, நாய் போகட்டும், சொல்றேன்," என்று ஆட்கள் நேரம் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். ஹோபர்ட்டுக்கும் ஓய்வில்லை. பின்பக்கத்துப் பள்ளத்திலிருந்து வரும் பலவீனமான குரல்கள் அவர் வீட்டு ஆன்டெனாவுக்குத்தான் எட்டின. அவற்றைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, இன்சுலினும் விறகும் போய்ச்சேரும்வரை மைக்கைக் கீழே வைக்கவில்லை. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். மாக்ஸீன் சூப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், பேசத்தான் இல்லை.

அவளுக்கு வேறு வேதனை. இர்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் இல்லை, தெருவில் கால் வைக்க முடியாது. இருக்கிற ஒரே வழி அந்த மைக், அதில் பேசினால் மாவட்டமே கேட்கும். மாக்ஸீன் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. மத்தியானம், செய்திகள் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கையை நீட்டினாள். ஹோபர்ட் மைக்கைக் கொடுத்தார்.

"இர்மா, நான் மாக்ஸீன். நான் சொன்னது உன் காதுல விழுந்திருக்கும். எல்லார் காதுலயும் விழுந்துச்சு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்க."

கேக் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஆனால் அவள் பொய் சொல்லாத குடும்பத்தில் பிறந்தவள்.

 பிறகு டென்சிலின் மைக்கில் ஒரு பெண் குரல். டென்சில் பின்னாலிருந்து, "இர்மா, வேண்டாம்," என்று சொல்வதும் சேர்ந்து வந்தது.

"மாக்ஸீன், நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கிற? அந்தக் கேக்கை நான் செய்யல. டென்சில் செய்றான். கல்யாணமான வருஷத்துலருந்து அவன்தான் செய்றான். பொணம் எடுக்கிறவன் கை மாவு பிசையுதுன்னா ஜனங்க திங்க மாட்டாங்கன்னு, என் பேரைப் போட்டு வீடுவீடாக் குடுக்கிறான். சர்ச் விருந்துல நான் கொண்டுவர்ற பாத்திரத்தை யாரும் திறக்கிறதில்ல. ஏன்னு நினைக்கிற? நான் சுடுற ஆப்பிள் பை எவ்வளவு ருசியா இருக்கும் தெரியுமா உனக்கு?"

மலை அந்த இடத்தில் தன் பெயரைச் சொல்லி, நாய்க் கதையை முழுக்கச் சொல்லி முடித்தது.  பிறகு தூரத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "டென்சில், அதுக்குள்ள என்னய்யா போடுற? ரோட்டுத் தாரா?"

"இது அவசரச் செய்திக்கான அலைவரிசை," என்றார் டென்சில். "வேற அவசரச் செய்தி எதாவது இருக்கா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.  கையால் ஒன்றைச் செய்து, ஊர் முன்னால் வைத்து, ஊர் சிரிப்பதைக் கேட்கும்போது எப்படி இருக்கும் என்பது ஹோபர்ட்டைவிட அந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. மாக்ஸீனிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"டென்சில், நான் ஹோபர்ட். மில் ரோட்டுக்கு ஆக்சிஜன் போய்ச் சேந்துடுச்சு. பெரியவரு நல்லா இருக்காரு. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. அடுத்த செய்தியைச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

டென்சில் அடுத்த செய்தியைச் சொன்னார்.

பாதை திறந்த அன்று காலை, டயர்களில் சங்கிலி சுற்றிய சவ வண்டி ஹோபர்ட்டின் வாசலில் வந்து நின்றது. டென்சில் கண்ணாடியை இறக்கி, "ஏறு," என்றார். இருவரும் மலைக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்டவர்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். ஹோபர்ட் கையசைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொட்டகைக் கதவிலிருந்து பனிக்கட்டியை உடைத்து உள்ளே போனார்கள். ஹோபர்ட் மாக்ஸீனைக் கழற்றி, பழைய பலகையைப் பொருத்தினார். மோர்ஸ் திரும்பவும் கடகடத்தது. அவர் கை தன்னையறியாமல் இன்னொரு ஸ்க்ரூவை நோக்கிப் போனது. டென்சில் தொண்டையைக் கனைத்தார். கை திரும்பி வந்தது.

டென்சில் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து, கோட்டுக்குள்ளிருந்து அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"ஊரு சொல்றது கிடக்கட்டும். நீ நெசத்தைச் சொல்லு," என்றார்.

ஹோபர்ட் ஒரு துண்டைக் கடித்தார். வெகுநேரம் மென்றார். உடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் அழுத்தினார், ஓரத்தைச் சுரண்டினார்.

"வெளிய தீஞ்சிருக்கு, உள்ள வேகல. உன் ருசியில தப்பில்ல, டென்சில். அந்த ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் நல்லாத்தான் இருக்கு. உன் ஓவன்ல சூட்டை அளக்குற தெர்மோஸ்டாட் பொய் சொல்லுது. எத்தனை வருஷமா அதே ஓவன்?"

"கல்யாணத்துக்கு வாங்கினது."

"யாராவது திறந்து பாத்திருக்காங்களா?"

டென்சில் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசையும் பயமும் சரிபாதியாக இருந்தன.

"சரிசெய்யறதுக்கு மட்டும்," என்றார் கடைசியில். "வேற எதுவும் பண்ணக் கூடாது."

"வேற எதுவும் பண்ண மாட்டேன்," என்றார் ஹோபர்ட்.

தெர்மோஸ்டாட்டை மாற்ற ஒரு மத்தியானம் பிடித்தது. இர்மா நாற்காலி போட்டுக்கொண்டு, கடைசி வரைக்கும் அவர் கைகளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மாக்ஸீன் அன்று அங்கே இர்மாவின் ஆப்பிள் பையை முதல்முறையாகத் தின்று, இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள்.

வசந்தத்தில் சர்ச் விற்பனையில், ஒரு பழக்கேக்கின் முன்னால் 'டென்சில் காஸ்ட்டோ செய்தது' என்று அட்டை நின்றது. ஜனங்கள் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, விஷயம் ஒன்றும் தெரியாமல், ருசி பார்த்துவிட்டு முழுசாக வாங்கிக்கொண்டு போனார்கள். டென்சில் அவர்களைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, கதவைத் திறந்துவிட்டு, ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கிற அதே குரலில் நன்றி சொன்னார்.