குறைய விடாத பிரேக் ஆயில்

பொன்முடி மலையில் தோட்டத் தொழிலாளர் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் டீச்சராக வேலை பார்த்த என் மகளுக்குத் திருவனந்தபுரத்துக்கே மாற்றல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவளையும் அவள் சாமான்களையும் காரில் கூட்டிவர வேண்டும். மலை ஏறுவதில் எனக்குப் பயமில்லை. இறங்குவதில்தான். காரணம், அந்த வாரம் முழுக்கக் காரின் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்க்கொண்டிருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லில் இருந்து தலையைத் திருப்பவே இல்லை.

“பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல. உங்க மனசுதான் கீழ போகுது. போன மாசம் ஹாரன் சத்தம் மாறிட்டுன்னு சொன்னேளே, என்னாச்சு?”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்க வந்தவன் நான். நாள் முழுக்க அடுத்தவருக்குப் பூட்டு விற்பேன். என் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நான் சொல்லும் பயத்தில் பத்துக்கு ஒன்பது வெறும் பயம்தான். எனக்கே தெரியும். அதனால் பெடல் விஷயத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. எடுத்து இன்னொரு தடவை மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் நின்ற பெரியவர் பானட்டைத் தட்டி, “எந்தா, உறக்கமாணோ?” என்று மலையாளத்தில் கேட்டார். கை கூப்பினேன்.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கரமனையில் எப்போதும் காட்டும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மலையாளிதான், ஆனால் கடைத்தெருத் தமிழர்களின் வண்டிகளைப் பழுது பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு தமிழ் வந்திருந்தது. என்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி அப்படியே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெடல் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனதை நானும் பார்த்தேன். நான் நினைத்தது பொய்யில்லை என்பதில் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். மேல் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது.

“ஓயில் குறையுதா அண்ணாச்சி?”

“இல்ல. எப்பவும் நெறஞ்சுதான் இருக்கும்.”

குனிந்து நாலு டயரின் உட்பக்கமும் பார்த்தார். ஈரம் இல்லை. “அப்போ ஓயில் வெளிய போகல்ல. டப்பாவுக்கு அடியில இருக்குற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் போயிருக்கும். அழுத்துனா ஓயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி வரும். அதை மாத்துனா சரியாகும், கேட்டோ.”

புதிய மாஸ்டர் சிலிண்டர் வரவழைக்கப்பட்டது. நான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்பேனரை எடுத்துப் பழையதன் குழாயைக் கழற்றக் குனிந்தபோது நான் டயரை விட்டு எழுந்தேன்.

ஆயில் குறையவில்லை என்று நான் சொன்னது உண்மை. ஏன் குறையவில்லை என்பதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மனைவி சாமி விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றுவாள். அதே நேரத்தில் நான் வாசலில் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை நிரப்புவேன். மூன்று மாதப் பழக்கம். முதலில் ஒரு மூடி அளவு ஊற்றினேன், பிறகு இரண்டு, கடைசியாகக் கால் குப்பி. இறங்கியிருந்தால் பயம், நிரப்பிவிட்டால் நிம்மதி. ஊற்றியது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நாளைக்கு என் பக்கத்து சீட்டில் உட்காரப் போவது யார்?

“ஒரு நிமிஷம்,” என்றேன். “நான் வாராவாரம் ஊத்துவேன்.”

அவர் நிமிர்ந்தார். “எத்தர ஊத்துவீங்க?”

டிக்கியில் இருந்த இரண்டு குப்பிகளைக் கொண்டுவந்து காட்டினேன். ஒன்று காலி, ஒன்றில் அடியில் கொஞ்சம்.

“என்ட அண்ணாச்சீ! இது வண்டியா, குத்துவிளக்கா? குறைஞ்சா செவப்பு லைட்டு எரியும், அதைக் கண்டு நீங்க இங்க வருவீங்க. நீங்க அதை எரியவே விடல்லியே!” என்றவர், ஸ்பேனரைக் கீழே போட்டார். “நல்ல வேளை, வாயத் திறந்தீங்க.”

பின் சக்கரங்களைக் கழற்றினார். வலது பக்கம் காய்ந்து கிடந்தது. இடது பக்கம் சக்கரத்துக்குப் பின்னிருக்கும் பிரேக் டிரம்மை இழுத்ததும் உள்ளே கரி போலக் கறுப்புக் குழம்பு. அங்கிருக்கும் சின்ன வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, நான் ஊற்றிய அத்தனையும் டிரம்முக்குள் கசிந்து பிரேக் பிடிக்கும் ஷூவில் ஊறியிருந்தது. வெளியே ஒரு சொட்டு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்.

புது மாஸ்டர் சிலிண்டர் பெட்டியோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத் திரும்பிப் போனது. பின்னால் இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது ஷூ. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே மிதிக்க வேண்டும். என்னை உட்காரச் சொன்னார்.

“சவட்டுங்க… சவட்டிப் பிடிங்க. நான் சொல்லாம கால எடுக்கப்பிடாது.”

அவர் கீழே திருகைத் திறக்கும்போது பெடல் இறங்கும், அடைத்த பிறகு குரல் வரும், “விட்டோ.” காலை எடுப்பேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் பெடல் கொஞ்சம் மேலே நின்றது. கடைசியில் என் கால் பாதி தூரம்கூடப் போகவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை.

“போதும், பெடலு வளைஞ்சிடும்,” என்றார். மிச்சக் குப்பியை அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பொன்முடியில் இருந்து இறங்கினோம். பின் சீட்டில் புத்தக மூட்டை, கேஸ் அடுப்பு. அங்கே தன்னிடம் படித்த பிள்ளைகள் அழுததை மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். செகண்ட் கியரிலேயே வந்தேன். ஒரு வளைவில் எதிரே பஸ் முகத்தைக் காட்டியது. மிதித்தேன். வண்டி நின்றது; பஸ் ஒதுங்கிக் கடந்தது.

“அந்த மூணாம் கிளாஸ் பையன் இருக்கான்லா அப்பா,” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“சொல்லு மக்ளே,” என்றேன்.