சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும்

பழைய மென்பொருளில் செய்த இயந்திரக் கையேடுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். பாலாவியில் வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குச் செய்கிறேன். பொத்தானை அழுத்தினால் தானாக மாறிவிடும் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் எண்ணம். மாறும்தான், வீடு மாறும்போது அலுமாரி போகிற மாதிரி. கதவு ஒரு லொறியில், தட்டு இன்னொரு லொறியில்.

போன வருடம் வந்தது, இறால் குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் துடுப்புச் சக்கரத்தின் கையேடு. முதலில் அதைச் செய்த புண்ணியவான் ஒவ்வொரு பந்தியையும் தனிப்பெட்டியாக, மனம்போன போக்கில் போட்டிருந்தார். மாற்றியதும் எழுத்தெல்லாம் வந்தது, ஒழுங்கு போய்விட்டது. மூடியைப் பூட்டச் சொன்ன பிறகு உள்ளே கிறீஸ் பூசச் சொன்னது. பழைய மென்பொருள் என்னிடம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அச்சுப் பிரதியும் இல்லை. அந்த மனிதர் எதிரில் வந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

குறிஞ்சிப்பிட்டியில் என் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, ஓர் இறால் குளம். அதில் ஓடுவதும் அதே சக்கரம்தான். கழற்றிப் பூட்டிப் பார்த்தால் ஒழுங்கு தெரிந்துவிடும் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். நானா தயங்கினார். வெயில் நேரத்தில் சக்கரத்தை நிறுத்தலாம், இருட்டினால் தண்ணீரில் காற்றுக் குறைந்துவிடும்.

"பொழுதுபட, மஹ்ரிபுத் தொழுகைக்கு முந்தி ஓடோணும் தங்கச்சி. இல்லாட்டி விடிய இறால் முழுக்க செத்து மிதக்கும்."

ஓம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்ட கையோடு தொடங்கினோம். நானா ஒவ்வொன்றாகக் கழற்ற, நான் தாள்களைக் குளக்கட்டில் பரப்பிக் கல் வைத்து ஒழுங்குபடுத்தினேன். அந்தக் காற்றுக்குக் கல்லும் போதவில்லை, ஒரு பக்கத்தை வாய்க்காலில் இறங்கிப் பிடித்தேன். கழற்றுவது லேசு. பூட்டும்போதுதான் மோட்டர் வயர்கள் எது எங்கே இருந்தது என்று இருவருக்கும் மறந்து போனது. கையேட்டில் இருந்த வயர்ப் படத்தைப் பார்த்துப் பூட்டச் சொன்னேன். வெயில் இறங்க இறங்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் குளம் செத்தால் நானாவின் வீட்டில் அந்த வருடப் பெருநாளே இல்லை.

ஒருவழியாகப் பூட்டி முடித்தோம். நானா தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்து, வெள்ளைச் சாரம் மாற்றிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டார். சக்கரம் சுற்றியது. குளத்துப் பக்கம் அல்ல, கரைப் பக்கம். சேற்றுத் தண்ணீர் முழுவதும் நானாவின் மேல்.

அவர் முகத்தை வழித்துவிட்டுச் சொன்னார்: "சக்கரத்துல பிழை இல்ல தங்கச்சி. உன்ட படத்தப் பாரு."

பார்த்தேன். பழைய கோப்பில் படத்தை இடவலமாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும். மாற்றும்போது அந்தத் திருப்பம் மட்டும் தொலைந்து, மேலே தனியாக ஒட்டிய பெயர்கள் வேறு வயர்களுக்கு நேரே நின்றன. நானா மின்சாரத்தை நிறுத்தி, வயர்களை மாற்றிப் பூட்டினார். பாங்கு சொல்லும்போது சக்கரம் குளத்தை அடிக்கத் தொடங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

விடியக் குளத்தில் ஓர் இறால்கூட மிதக்கவில்லை. திருத்திய கையேட்டை அனுப்பினேன். படத்தில் இருந்த பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முதலில் மாற்றி அனுப்பிய பிரதியைப் பார்த்த எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் தப்பியதே என்று கம்பனியில் இருந்து வியந்து எழுதினார்கள். கவனமாகச் சரிபார்த்தேன் என்று பதில் போட்டேன். நான் கேட்டு வாங்கி வந்த நானாவின் வெள்ளைச் சாரம் அப்போது எங்கள் வீட்டுக் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது, மூன்றாம் முறை துவைத்தும் சேறு போகாமல்.